பட்டுப் புடவையின் நிறம் போன் கேமராவில் மாறிப் போகுது – எந்த செட்டிங்கை மாத்தணும்?

மாம்பலம்_முந்தானை:

எல்லாருக்கும் வணக்கம். மேற்கு மாம்பலத்தில் வீட்டிலிருந்தே வாட்ஸ்ஆப் குரூப் மூலமாகப் புடவை விற்கிறேன். காஞ்சிபுரம், ஆரணிப் பட்டு, கொஞ்சம் காட்டன். போன் நடுத்தர விலை ஆண்ட்ராய்டு, 50 மெகாபிக்சல் கேமரா. படம் பளிச்சென்று வருகிறது. நிறம் மட்டும் வருவதில்லை.

அரக்கு தக்காளிச் சிவப்பாகத் தெரிகிறது. வாடாமல்லி ரோஸாகிவிடுகிறது. சந்தன நிறம் துவைக்காத துணி மாதிரி சாம்பல் தட்டுகிறது. ஒரே புடவையை முழுசாக ஒன்று, பார்டரைக் கிட்டத்தில் ஒன்று எடுத்தால் இரண்டு படத்திலும் இரண்டு நிறம். இது போக, ட்யூப்லைட் போட்டு எடுத்தால் படத்தின் குறுக்கே மங்கலாகப் பட்டை பட்டையாக விழுகிறது. எல்லா நேரமும் இல்லை, சில சமயம்தான்.

ஹாலில் கிழக்கு பார்த்த ஜன்னல், பெட்ரூமில் வடக்கு பார்த்த ஜன்னல். ஹாலில் 20 வாட் எல்இடி பேட்டன் (ட்யூப்லைட் மாதிரி நீள விளக்கு) இரண்டு. ஃபில்டர் எதுவும் போடுவதில்லை. "அனுப்பின கலர் வேற, வந்த கலர் வேற" என்று புடவை திரும்பி வருகிறது. புது போன் வாங்கணுமா, இல்லை செட்டிங்கில் சரியாகுமா?

நிழல்மானி:

புது போன் வேண்டாம். அந்தக் காசில் ஒரு ட்ரைபாடும் ஒரு கிரே கார்டும் (எந்த நிறச் சாயலும் இல்லாத சாம்பல் அட்டை) வாங்கினால் மிச்சமே வரும். நீங்கள் சொன்னவை ஒரே கோளாறு இல்லை, மூன்று தனித்தனிக் கோளாறுகள். அதனால்தான் ஒன்றைச் சரி செய்தால் இன்னொன்று கிளம்புகிறது.

முதலில் பட்டை. நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்இடி பேட்டன் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை, அதாவது விநாடிக்கு 100 முறை கூடிக் குறைகிறது. கண்ணுக்குத் தெரியாது. போன் சென்சார் படத்தை ஒரே நொடியில் மொத்தமாக வாங்குவதில்லை. வரி வரியாக மேலிருந்து கீழே வாசிக்கிறது. ஷட்டர், அதாவது ஒவ்வொரு வரியும் வெளிச்சம் வாங்கும் நேரம், 1/100 விநாடியாக இருந்தால் ஒவ்வொரு வரிக்கும் ஒரு முழு ஏற்ற இறக்கம் கிடைத்துவிடும், எல்லா வரியும் சமமாக இருக்கும். 1/50, 1/25-க்கும் இதே கணக்கு. 1/60, 1/250 என்று போனால் சில வரிகளுக்கு வெளிச்சம் கூடுதலாகவும் சிலவற்றுக்குக் குறைவாகவும் விழும். அதுதான் உங்கள் பட்டை.

"சில சமயம்தான்" என்றீர்களே, அதற்குக் காரணம்: ஆட்டோவில் போனே பெரும்பாலும் 1/100 அல்லது 1/50-ஐத்தான் தேடிப் பிடிக்கும். ஜன்னல் வெளிச்சமும் சேர்ந்து அறை பிரகாசமாகிவிட்டால் 1/100 அதற்கு அதிகம், அதனால் வேகத்தைக் கூட்டிவிடும். உடனே பட்டை விழும். பகலில் ஜன்னல் பக்கம் எடுக்கும்போது லைட்டை அணைத்துவிடுங்கள், விஷயம் முடிந்தது. சூரிய வெளிச்சம் துடிக்காது, எந்த ஷட்டர் வேகமும் வைக்கலாம்.

லைட்டை அணைக்க இரண்டாவது காரணமும் உண்டு. பேட்டன் ஒரு நிறம், ஜன்னல் ஒரு நிறம். புடவையின் இடது பாதி ஒன்றாகவும் வலது பாதி வேறாகவும் தெரியும். கலந்த வெளிச்சத்தை எந்த செட்டிங்காலும் திருத்த முடியாது.

இரண்டாவது, வெளிச்ச அளவு. கேமரா மீட்டருக்குப் புடவை தெரியாது. ஃபிரேம் முழுக்க என்ன இருந்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் அளவு வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். அரக்கு நிறைந்திருந்தால் "இருட்டாக இருக்கிறதே" என்று ஏற்றும், அரக்கு சிவப்பாகிவிடும். சந்தனம் நிறைந்திருந்தால் "ரொம்ப வெளுப்பு" என்று இறக்கும், அழுக்காகத் தெரியும். ஆட்டோவிலேயே எடுப்பதானால் திரையில் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியை இழுங்கள். அரக்கு, பாட்டில் பச்சை, கறுப்புக்கு மைனஸ் 0.7 முதல் மைனஸ் 1 ஈவி (படத்தின் வெளிச்ச அளவைக் கூட்டிக் குறைக்கும் எண்) வரை. சந்தனம், அரை வெள்ளை, வெளிர் மஞ்சளுக்கு பிளஸ் 0.3 முதல் 0.7 வரை. ஜரிகை அதிகம் இருந்தால் பிளஸ் பக்கம் தாராளம் காட்டாதீர்கள். ஜரிகை வெள்ளைத் திட்டாக வெந்துவிடும், பிறகு எடிட்டிங்கில் மீளாது.

மூன்றாவது வொயிட் பேலன்ஸ், அதாவது விளக்கோ வெயிலோ, அந்த வெளிச்சத்தின் நிறத்துக்கு ஏற்பக் கேமரா படத்தின் நிறத்தைச் சரிசெய்வது. அது பெரிய கதை. யாராவது தொடங்குங்கள், இல்லாவிட்டால் இரவு வந்து எழுதுகிறேன்.

கெல்வின்_கோபி:

நான் தொடர்றேன். அக்கா, ஒரே புடவை ரெண்டு நிறமா வருதே, அதுக்கு முக்கியக் காரணம் ஆட்டோ வொயிட் பேலன்ஸ்தான். ஃபிரேம்ல இருக்கிற நிறங்களையெல்லாம் வெச்சு இது மஞ்சள் வெளிச்சமா, நீல வெளிச்சமான்னு ஊகிக்குது. முழுப் புடவை எடுக்கும்போது சுவர், தரை எல்லாம் ஃபிரேம்ல இருக்கும், ஊகம் ஓரளவு சரியா வரும். பார்டரைக் கிட்டத்துல எடுத்தா ஃபிரேம் முழுக்க அரக்கு. "வெளிச்சமே சிவப்பு போலிருக்கு"ன்னு நினைச்சு எதிர்ப்பக்கம் இழுக்கும். உங்க போன் மேல தப்பில்ல, எந்த போனும் இதைத்தான் செய்யும்.

அதனால ப்ரோ மோடு. கேமரா ஆப்ல "மோர்" உள்ள இருக்கும். உள்ள போய் இந்த வரிசையில வைங்க:

ஐஎஸ்ஓ (சென்சார் வெளிச்சத்தை எவ்வளவு பெருக்கிக் காட்டணும்ங்கற எண்) 100. ஷட்டர் 1/100. இருட்டா இருந்தா 1/50, அப்பவும் போதலைன்னா ட்ரைபாடுல வெச்சு 1/25. அதுக்கப்புறம்தான் ஐஎஸ்ஓவை 200-க்கு ஏத்துங்க. 800 தாண்டினா நூல் இழை தெரியாம மெழுகு பூசின மாதிரி ஆயிடும், புடவைக்கு அது ஆகவே ஆகாது. ப்ரோ மோடுல நிறைய போன்ல பல படங்களை அடுக்கிச் சேர்க்கிற வேலை நடக்காது, அதனால ஐஎஸ்ஓ ஏறினா புள்ளி புள்ளியாத் தெரியறதும் ஆட்டோவை விட அதிகம். டைமர் 2 விநாடி போடுங்க. பட்டனைத் தொடுற ஆட்டம் அடங்கிடும்.

வொயிட் பேலன்ஸை ஆட்டோலேருந்து எடுத்து கெல்வின் எண்ணுக்கு (வெளிச்சம் மஞ்சளா நீலமான்னு சொல்ற எண்) மாத்துங்க. வெயில் நேரா விழாத ஜன்னல் வெளிச்சம்னா 6000-லேருந்து ஆரம்பிங்க. நீல வானம் மட்டும் தெரியற ஜன்னல்னா 7000-க்கு மேலயும் போகும். எண்ணை மனப்பாடம் பண்ண வேண்டாம். கிரே கார்டைப் புடவை மேல வைங்க, கார்டு திரையில நீலமும் இல்லாம மஞ்சளும் இல்லாம சாம்பலாத் தெரியற வரைக்கும் எண்ணை நகர்த்துங்க, விட்டுடுங்க. அதே செட்டிங்ல அன்னைக்கு எல்லாப் புடவையும் எடுங்க. மேகம் மூடினாலோ வெயில் நகர்ந்தாலோ மறுபடி கார்டு வெச்சுப் பாருங்க.

ஏ4 பேப்பர் வெச்சா போதாதான்னு கேப்பீங்க. வேண்டாம். பளீர்னு தெரியணும்னு பேப்பர்ல ஒரு வேதிப்பொருள் சேர்க்கிறாங்க, அது ஜன்னல் வெளிச்சத்துல நீலமா ஒளிரும். அதை வெள்ளைன்னு நம்பி சரி பண்ணினா மொத்தப் படமும் மஞ்சளாயிடும்.

முக்கியமா ஒண்ணு: கெல்வின் நீலம்–மஞ்சளை மட்டும்தான் சரி பண்ணும். மலிவு எல்இடில ஒரு பச்சைச் சாயல் இருக்கும், அது கெல்வினுக்கு அடங்காது. எடிட்டிங் ஆப்ல "டின்ட்"டை மெஜந்தா பக்கம் கொஞ்சம் நகர்த்தணும். பேசாம பகல் வெளிச்சத்துக்குப் போயிடுங்க.

சீன் ஆப்டிமைசர், ஏஐ கேமரான்னு உங்க போன்ல எந்தப் பேர்ல இருந்தாலும் ஆஃப் பண்ணுங்க. ஃபில்டர் போடலன்னு சொன்னீங்க, ஆனா அது சொல்லாமலே போடற ஃபில்டர். பூன்னு நினைச்சா ரோஸை ஏத்தும், இலைன்னு நினைச்சா பச்சையை ஏத்தும்.

வேளச்சேரி_வினோ:

இவ்ளோ எதுக்கு? வடக்கு ஜன்னல் இருக்குல்ல, அங்க வெச்சு எடுங்க. வடக்குல வெயிலே விழாது, வருஷம் பூரா ஒரே வெளிச்சம். எல்லா புத்தகத்துலயும் இதான் போட்டிருக்கு.

நிழல்மானி:

வினோ, அந்தப் புத்தகங்கள் ஐரோப்பாவில் எழுதியவை. சென்னை இருப்பது 13 டிகிரி வடக்கில். மார்ச் 21 தொடங்கி செப்டம்பர் 23 வரை சூரியன் கிழக்குக்குச் சற்று வடக்கே உதித்து மேற்குக்குச் சற்று வடக்கே மறைகிறது. அந்த ஆறு மாதமும் காலையிலும் மாலையிலும் வடக்கு ஜன்னலில் சாய்வாக வெயில் நுழையும். ஏப்ரல் 25 வாக்கில் நடுப்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. அதன் பிறகு ஆகஸ்ட் 18 வரை மதியத்திலும் சற்று வடக்கேதான் நிற்கும். சாய்வு அதிகபட்சம் 10 டிகிரிதான் என்பதால் சன்ஷேடு தடுத்துவிடும். ஆக, செப்டம்பர் கடைசி முதல் மார்ச் வரை உங்கள் பேச்சு சரி. கத்திரி வெயில் காலத்தில் வடக்கு ஜன்னலை நம்பினால் காலை 9 மணிக்கு முன்பும் மாலை 4 மணிக்குப் பின்பும் புடவையில் கிரில் நிழல் விழும்.

ஐப்பசி, மார்கழியில் நாள் முழுக்க வடக்கு ஜன்னல். கோடையில் அதே ஜன்னல், 10 முதல் 3 வரை. கிழக்கு ஜன்னல் வருஷம் முழுக்க மதியத்துக்கு மேல்தான். வெயில் விழுந்துகொண்டிருக்கும்போது எடுத்தே ஆகவேண்டும் என்றால் ஜன்னலில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டுங்கள், ஒளி பரவிவிடும். நீலம் போட்டுத் துவைத்த வேட்டி வேண்டாம். வெளிச்சமும் நீலம் பூசிக்கொள்ளும். கலர் ஸ்கிரீன் துணி அறவே கூடாது.

புடவையை ஜன்னலுக்கு நேரே விரிக்காதீர்கள். ஒளி பக்கவாட்டில், சுமார் 45 டிகிரியில் வந்தால்தான் நெசவு எழும்பித் தெரியும், ஜரிகை மினுங்கும். ஜன்னலுக்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு தெர்மோகோல் தகட்டை நிறுத்தி வைத்தால் நிழல் பக்கம் இருளாது. சுவர் இளம்பச்சையோ ரோஸோ அடித்திருந்தால் அந்த நிறம் சந்தனப் புடவையில் அப்படியே ஏறும். எடுப்பவர் சிவப்பு நைட்டியில் கிட்டே நின்றாலும் ஏறும், விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

தூரம்: 1 எக்ஸ் ஜூமில் கிட்டப் போய் எடுத்தால் ஓரங்கள் விரிந்து பார்டர் கோணலாகும். 2 எக்ஸ் வைத்துத் தள்ளி நில்லுங்கள். 50 மெகாபிக்சல் சென்சாரில் வழக்கமாக நான்கு பிக்சலை ஒன்றாக்கித்தான் 12 மெகாபிக்சல் படம் வருகிறது; 2 எக்ஸில் நடுப்பகுதியைப் பிரிக்காமல் எடுத்துக்கொடுக்கும் போன்களில் தரம் பெரிதாகக் குறையாது. புடவையின் அகலம் சுமார் 1.2 மீட்டர். அது நிமிர்ந்த ஃபிரேமில் அடங்க 2.2 மீட்டராவது தள்ளி நிற்கவேண்டும். ப்ரோ மோடில் 2 எக்ஸ் இல்லையென்றால் 1 எக்ஸிலேயே அதே தூரத்தில் எடுத்து வெட்டிக்கொள்ளுங்கள், வாட்ஸ்ஆப்புக்கு அது தாராளம்.

புட்டா, பார்டர் நெருக்கமாக எடுக்கும்போது போன் உங்களைக் கேட்காமல் அல்ட்ரா வைடு லென்ஸுக்குத் தாவும். மேக்ரோ என்று ஒரு பூக்குறி வரும். அதை அணைத்துவிட்டு, 25–30 சென்டிமீட்டர் தள்ளி 2 எக்ஸில் எடுங்கள். அல்ட்ரா வைடின் நிறமும் பெரும்பாலும் மெயின் கேமராவோடு ஒத்துப்போகாது.

மாம்பலம்_முந்தானை:

ரொம்ப நன்றி! ரிச்சி தெருவுக்கு ஆள் அனுப்பி ட்ரைபாடும் கார்டும் வாங்கிவிட்டேன். லைட்டை அணைத்ததும் பட்டை போயே போச்சு. அரக்கும் சந்தனமும் கையில் இருக்கிற மாதிரியே வருகிறது. மிச்சம் இருப்பவை:

வாடாமல்லி இன்னும் ரோஸ் பக்கம்தான். மயில் கழுத்து ஒரு படத்தில் பச்சை, ஒரு படத்தில் நீலம். பொடிக்கட்டம் போட்ட காட்டனில் தண்ணீரில் எண்ணெய் மிதப்பது மாதிரி அலை அலையாக நிறம் ஓடுகிறது. கடைசியாக, என் போனில் சரியாக இருக்கும் படம் தங்கை போனில் வேறாகத் தெரிகிறது.

ராத்திரியிலும் எடுக்க வேண்டியிருக்கிறது, பகலில் பள்ளிக்கூடம், சமையல் என்று நேரம் போய்விடுகிறது. அதற்கு எந்த லைட் வாங்கலாம்?

கெல்வின்_கோபி:

வாடாமல்லிக்குக் காரணம், அந்தச் சாயம் அவ்வளவு அழுத்தம். சாதாரண ஜேபெக் படத்துல ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம்னு மூணு எண், ஒவ்வொண்ணும் 255-ல முட்டிக்கும். வாடாமல்லில சிவப்பு முதல்ல 255-ல போய் நிக்கும், வெளிச்சம் ஏற ஏற மத்த ரெண்டும் ஏறிட்டே இருக்கும். விகிதம் மாறினதும் நிறம் வெளிறி ரோஸாயிடும். அதனால இதுக்கு மட்டும் ஷட்டர் வேகத்தைக் கூட்டி மைனஸ் 1 ஈவி அளவுக்கு இருட்டா எடுங்க. பகல் வெளிச்சம் மட்டும்தானே, 1/200 போட்டாலும் பட்டை வராது. அப்புறம் எடிட்டிங்ல சாச்சுரேஷனை மைனஸ் 10 அளவுக்கு இறக்கிட்டு பிரைட்னஸை மெதுவா ஏத்துங்க. எல்லாரும் நிறம் வரலைன்னு சாச்சுரேஷனை ஏத்துவாங்க, இன்னும் கெடும். ராணி பிங்க், ரத்தச் சிவப்புக்கும் இதே வைத்தியம். அப்பவும் நூத்துக்கு நூறு வராது. சாதாரண திரையால காட்ட முடியாத நிறங்கள் இருக்கு.

மயில் கழுத்துல கேமரா மேல குத்தமே இல்ல. பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். பார்க்கிற கோணம் மாறினா நிறம் மாறணும், அதுக்குத்தானே அப்படி நெய்யறாங்க. ஒரே படத்துல ரெண்டையும் காட்டணும்னா தட்டையா விரிக்காதீங்க. கொசுவம் மாதிரி மடிச்சு வைங்க, ஒவ்வொரு மடிப்புலயும் ரெண்டு நிறமும் தெரியும். இல்லைன்னா நீளவாக்குல ஒண்ணு, குறுக்குவாக்குல ஒண்ணு எடுத்து ரெண்டையும் சேர்த்து அனுப்புங்க.

பொடிக்கட்டத்துல ஓடுறது மோயிரே. கட்டத்தோட இடைவெளியும் சென்சார் பிக்சலோட இடைவெளியும் கிட்டத்தட்ட ஒத்துப்போனா இப்படி வரும். முதல்ல படத்தை முழுசா ஜூம் பண்ணிப் பாருங்க. ஜூம்ல காணாமப் போச்சுன்னா படத்துல இல்ல, திரை சுருக்கிக் காட்டறப்ப மட்டும் வருது. ஜூம்லயும் இருந்தா ஒரு அடி முன்ன பின்ன நகருங்க, இல்ல போனை லேசா சாய்ங்க. 50 மெகாபிக்சல் மோடுக்கு மாத்தினாலும் பல சமயம் போயிடும். ஃபோகஸை மங்க வெச்சு சரி பண்ணலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க. துணிக்கடைப் படத்துல இழை தெரியலைன்னா வாங்கறவங்களுக்கு வேற என்ன இருக்கு?

நிழல்மானி:

ராத்திரி லைட்டுக்கு வாட்ஸைப் பார்த்து வாங்காதீர்கள். பெட்டியில் சிஆர்ஐ எண்ணை, அதாவது அந்த வெளிச்சத்தில் நிறங்கள் எவ்வளவு சரியாகத் தெரியும் என்ற மதிப்பெண்ணைப் பாருங்கள். வீட்டு பேட்டன் பலதும் 80 அல்லது அதற்கும் கீழே. அந்த எண், எட்டு வெளிர் நிறங்களில் கிடைத்த மதிப்பெண்ணின் சராசரி. அழுத்தமான சிவப்பு அதில் சேர்த்தியே இல்லை. அதற்கு ஆர்9 என்று தனி எண். சிஆர்ஐ 80 போட்டிருக்கும் விளக்கில் ஆர்9 பூஜ்யத்துக்குப் பக்கத்திலும் இருக்கலாம். அந்த வெளிச்சத்தில் அரக்கு பழுப்பாகத்தான் தெரியும், ஏனென்றால் திருப்பி அனுப்ப வேண்டிய சிவப்பு விளக்கிலேயே இல்லை. சிஆர்ஐ 95, ஆர்9 குறைந்தது 50 என்று எழுதியிருப்பதைக் கேளுங்கள். 5000 அல்லது 5500 கெல்வின், ஒரே மாதிரி இரண்டு. மற்ற லைட்டையெல்லாம் அணைத்துவிட்டு, ஒன்றைப் பக்கவாட்டில் 45 டிகிரியில் கிட்டே வையுங்கள். மற்றதை எதிர்ப்பக்கம் இரு மடங்கு தூரத்தில்.

வாங்கும் முன்பு கடையிலேயே சோதிக்கலாம். போனில் ஸ்லோ மோஷன் விநாடிக்கு 240 ஃபிரேம் வைத்து விளக்கைப் படம்பிடியுங்கள். ஓட விட்டால் துடிப்பது தெரியும், துடித்தால் வைத்துவிடுங்கள். ரிங் லைட்டில் பெரும்பாலும் முழு வெளிச்சத்தில் துடிப்பு இருக்காது, குறைத்தால் வரும், ஏனென்றால் அதிவேகமாக அணைத்து அணைத்து எரியவிட்டுத்தான் குறைக்கிறார்கள். வெளிச்சம் அதிகமென்றால் பட்டனைத் தொடாமல் லைட்டையே தள்ளி வையுங்கள்.

வேளச்சேரி_வினோ:

வடக்கு மேட்டர்ல அடங்கிட்டேன் 🙏 தங்கச்சி போன் மேட்டருக்கு நான் சொல்றேன். முதல்ல உங்க போன் திரையே உங்களை ஏமாத்தலாம். டிஸ்ப்ளே செட்டிங்ல ஸ்கிரீன் மோடு "விவிட்"ல இருந்தா "நேச்சுரல்" ஆக்குங்க. ஐ கம்ஃபர்ட், நைட் லைட் ஆஃப். ஐபோன்னா ட்ரூ டோன் ஆஃப். இதெல்லாம் ஆன்ல இருக்கிற திரையைப் பார்த்துக் கலர் எடிட் பண்ணினா அவ்வளவுதான், மஞ்சள் திரையைப் பார்த்து நீலத்தை ஏத்திடுவீங்க. பிரைட்னஸ் பாதிக்குக் கொஞ்சம் மேல வெச்சு, புடவையைப் பக்கத்துல போட்டுப் பாருங்க.

வாட்ஸ்ஆப்ல சும்மா அனுப்பினா படம் 1600 பிக்சல் வாக்குல சுருங்கி அழுத்தப்படும், ஜரிகை வேலைப்பாடு கொழகொழன்னு ஆகும். அனுப்பும்போது மேல எச்டி பட்டனைத் தட்டுங்க. கேட்டு வர்றவங்களுக்கு மட்டும் டாக்குமென்டா அனுப்பினா அசலே போகும்.

வாங்கறவங்க போன்ல விவிட் இருந்தா நாம ஒண்ணும் பண்ண முடியாது. அதனால படத்துக்குக் கீழ எழுதுங்க: "உடல் வாடாமல்லி, பார்டர் கிளிப்பச்சை, ரோஸ் அல்ல". ரோஸ் அல்லன்னு போடறதுதான் முக்கியம்.

மாம்பலம்_முந்தானை:

எழுதிப் போடறேன் வினோ. ஒரே ஒரு கேள்வி. வீடியோவில் ராத்திரி அந்தப் பட்டை மறுபடி வருதே, மேலே கீழே நகருது?

கெல்வின்_கோபி:

அதே 100 துடிப்புதான் அக்கா. வீடியோ விநாடிக்கு 30 ஃபிரேம்ல ஓடும்போது ஷட்டர் 1/60-ல நின்னுடுது. ப்ரோ வீடியோ இருந்தா ஷட்டரை 1/50 இல்ல 1/100 வைங்க, 30 ஃபிரேமே இருக்கட்டும், பட்டை போயிடும். ஐபோன் வெச்சிருக்கிறவங்க செட்டிங்ஸ், கேமரா, ரெக்கார்ட் வீடியோ உள்ள போய் பிஏஎல் ஃபார்மட்டை ஆன் பண்ணினா 25 ஃபிரேம் வரும், அதுல எடுங்க. வீடியோவுலயும் வொயிட் பேலன்ஸை கெல்வின்ல நிறுத்துங்க, இல்லைன்னா முந்தானையைப் பிரிக்கப் பிரிக்க உடல் நிறம் மாறிட்டே வரும். லென்ஸைத் துடைச்சுட்டு ஆரம்பிங்க, விரல் எண்ணெய் ஒட்டியிருந்தா ஜரிகை மினுங்கற இடத்துலயெல்லாம் கோடு கோடா இழுக்கும்.